பரீட்சைப் பெறுபேறும் நமது கொண்டாட்டமும்



 

பரீட்சைத் திணைக்களம் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகளை வெளியிடும் இரவில் நமது ஊர்களில் பல வீடுகளில் விளக்கு அணைவதில்லை. ஓட்டமாவடியில், ஏறாவூரில், காத்தான்குடியில் பிள்ளை கைத்தொலைபேசியில் சுட்டெண்ணைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கின்றது. உம்மா தஸ்பீஹ் மணியுடன் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றார். வாப்பா வெளித்திண்ணையில் நடந்துகொண்டிருக்கின்றார். விடிந்தால் வாழ்த்துக்கள் பறக்கின்றன. லுஹருக்குள் முதற் பதாகை கட்டப்பட்டுவிடுகின்றது. மாவட்ட நிலை, மருத்துவபீடம், பொறியியல் பீடம், மூன்று ஏ சித்தி என்று வீதி நெடுகிலும் நமது பிள்ளைகளின் முகங்கள்.

இவ்வாறு மகிழ்வது ஆகுமா என்று சிலர் வினவுகின்றனர். இது பெருமையடிப்பல்லவா, வீண்விரயமல்லவா என்று கேட்கின்றனர். வேறு சிலரோ பட்டாசும் மோட்டார் சைக்கிள் பவனியும் இல்லாவிட்டால் அது ஒரு பெறுபேறா என்கின்றனர். இவ்விரு சாராரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. நாம் எதனைக் கொண்டாடுகின்றோம் என்பதே அது. அதனை விளங்கிக்கொண்டால் எவ்வாறு கொண்டாடுவது என்பதும் விளங்கிவிடும்.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அம்மரத்தைப் பற்றி ஸஹீஹுல் புஹாரியில் ஒரு சம்பவம் வருகின்றது. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் தமது தோழர்களிடம் வினவினார்கள். பெரியவர்களின் சிந்தனை பாலைவனத்து மரங்களிலெல்லாம் அலைந்தது. அச்சபையில் இருந்த சிறுவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு அது பேரீச்ச மரமே என்று விடை தோன்றியது. எனினும் மூத்தவர்கள் முன்னிலையில் வாய் திறக்க வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தையிடம் இதனைக் கூறியபோது, நீ அதனைச் சொல்லியிருந்தால் பெரும் செல்வம் கிடைப்பதைவிட எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள்.

உமர் (ரழி) அவர்களைப் போன்ற உறுதியான ஒருவரின் உள்ளமே தம் மகனின் அறிவு சபையில் வெளிப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கின்றது. ஆகவே பிள்ளையின் கல்விச் சிறப்பில் பெற்றோர் மகிழ்வதை எவரும் பழிக்கத் தேவையில்லை. உமர் (ரழி) அவர்கள் சூரத்துல் பகராவைப் பல்லாண்டுகள் கற்று முடித்தபோது ஒட்டகம் அறுத்து விருந்தளித்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. நமது குர்ஆன் மத்ரஸாக்களில் பிள்ளை குர்ஆனை ஓதி முடித்ததும் தமாம் வைபவம் நடத்தி, இனிப்புப் பகிர்ந்து, ஓதிக்கொடுத்தவருக்கு அன்பளிப்பு வழங்குவது நம் முன்னோர் விட்டுச்சென்ற வழக்கமாகும். கற்றல் முடிவுறும் இடத்தில் மகிழ்ச்சியை வைத்தல் நமக்குப் புதிதன்று.

நமது மகிழ்ச்சி சற்று உரத்த குரலில் ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. 1942 ஆம் ஆண்டு, உலகப் போர்க் காலத்தில், உணவு உற்பத்திப் பணிக்காகக் கல்முனையில் அமைக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக ஓர் இளைஞர் வந்தார். அவரே ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை நீண்டு கிடக்கும் இந்த வாவியின் தென்புறத்து ஊர்களில் அவர் கண்டது வயலும் உழைப்பும் நிறைந்த, ஆனால் உயர்கல்வியில் பின்தங்கிய ஒரு சமூகத்தை. அங்கே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டதும் அக்காலத்திலேயே. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் அஸீஸ் நிறுவினார். பணமில்லை என்பதற்காக ஒரு திறமையான பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். 1948 இல் சிவில் சேவையையே துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்.

அதன் பின்னரும் பாதை இலகுவாக இருக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஏறாவூரிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன. அந்நாட்களில் புத்தகப் பையுடன் திரிந்த பிள்ளைகள்தாம் இன்று பெறுபேறுக்காகத் திண்ணையில் நடக்கும் வாப்பாமாரில் பலர். 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெருவெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு டித்வா சூறாவளியால் மறுபடியும் அதே நிலை. இவ்வளவையும் கடந்து ஒரு பிள்ளை சித்தியெய்தினால் ஊர் மகிழத்தான் செய்யும். மகிழட்டும்.

இப்போது அந்தப் பதாகையில் எழுதப்பட்டுள்ள எண்களுக்கு வருவோம். அவற்றை நம்மில் பலர் வாசிக்கின்றோமே தவிர விளங்கிக்கொள்வதில்லை.

பல்கலைக்கழக அனுமதி 2001 முதல் இசட் புள்ளி என்ற கணக்கின்படி நடைபெறுகின்றது. பாடங்கள் ஒன்றுக்கொன்று கடினத்தில் வேறுபட்டவை. பௌதிகவியலில் அறுபது புள்ளி பெறுவதும், எல்லோரும் எளிதாக எழுதும் வேறொரு பாடத்தில் அறுபது பெறுவதும் சமமாகா. ஆகவே அப்பாடத்திற்கு நாடு முழுவதும் தோற்றியோரின் சராசரிப் புள்ளி கணிக்கப்படுகின்றது. ஒரு மாணவர் அச்சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கின்றார் என்பது, அப்பாடத்தில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதால் வகுக்கப்படுகின்றது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கிடைப்பவற்றின் சராசரியே அவரது இசட் புள்ளி. சராசரிக்குக் கீழே நின்றால் அவ்வெண்ணின் முன்னால் சயக் குறி வரும். இதனைக் கண்டு, என் பிள்ளை பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டதே என்று அழுத தாய்மார் உண்டு. மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த பிள்ளைக்கும் அக்குறி வரலாம். அது ஒப்பீட்டில் எங்கே நிற்கின்றார் என்பதற்கான அடையாளம். பிள்ளையின் அறிவுக்கு இடப்பட்ட விலையன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, இசட் புள்ளி என்பது தனியே ஒருவர் ஈட்டும் எண் அல்ல என்பதாகும். மற்றவர்கள் எழுதாமல் அது பிறப்பதில்லை. ஒருவர் உயரத்தில் நிற்பதற்கு அந்தச் சராசரியை ஆக்கிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தேவைப்படுகின்றனர். அவர்களுள் உங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஒருவர்.

அடுத்தது மாவட்ட நிலை. பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் முழு நாட்டின் திறமை ஒழுங்கிலும், 55 சதவீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வசதி குறைந்தவை எனக் கணிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கின்றது. அதனாற்றான் மருத்துவம் போன்ற துறைகளில் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பொதுவாக நமது மாவட்டத்தினதைவிட உயர்ந்திருக்கின்றது. கொழும்பில் இடம் கிடைக்காத ஒரு புள்ளிக்கு இங்கே இடம் கிடைக்கலாம்.

இதனைச் சொல்வது நமது பிள்ளையின் உழைப்பைக் குறைப்பதற்காக அன்று. ஆய்வுகூட வசதி குறைந்த, பாட ஆசிரியர் மாறிச் சென்றால் அடுத்தவர் வரும் வரை காத்திருக்கும் பாடசாலையில் பெற்ற புள்ளிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்த இடம் இந்த மாவட்டத்தின் பெயரால் கிடைத்தது. வாவியின் இரு கரைகளிலும் வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் அனைவரின் தொகையையும் பின்தங்கலையும் கணக்கிட்டு அரசு ஒதுக்கிய பங்கு அது. எனவே அது ஓர் அமானிதம். மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவரான பிள்ளை இம்மாவட்டத்து வைத்தியசாலையில் ஒரு நாளேனும் இருக்க மாட்டேன் என்றால் அந்த அமானிதத்தின் நிலை என்ன? இக்கேள்வியைப் பதாகை கட்டும் நாளிலேயே பிள்ளையின் காதில் போட்டுவையுங்கள். பிறகு கேட்பது சிரமம்.

இன்னுமொன்று. மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ உள்ள தமிழ் மாணவராக இருக்கலாம். அவரை வாழ்த்தி நமது பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? அஸீஸும் விபுலாநந்தரும் பழகிய மண் இது.

பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி இனிப் பேசவேண்டும். 2024 உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் நாட்டில் 170,000க்கும் அதிகமானோர். அரச பல்கலைக்கழகங்களில் இருப்பதோ அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் அளவுக்கான இடமே. அதாவது சித்தியடைந்த நால்வரில் மூவருக்கு இடமில்லை. இது அந்த மூவரின் சோம்பலால் நிகழ்ந்ததல்ல. கதிரைகளின் எண்ணிக்கை அவ்வளவுதான். சித்தியடையாதோர் இதற்கு அப்பால் இருக்கின்றனர்.

இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பெறுபேறு வந்த இரவு என்ன நடக்கின்றது? உன் மச்சான் எடுத்திருக்கின்றானே, உனக்கு என்ன குறை வைத்தேன், தனியார் வகுப்புக்கு எவ்வளவு கொட்டினேன், ஊரில் எப்படித் தலைகாட்டுவேன் என்ற சொற்கள் விழுகின்றன. கட்டாரிலிருந்து தொலைபேசியில் வாப்பாவின் கோபம் வருகின்றது. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கின்றது. வெளியிலே பட்டாசுச் சத்தம் கேட்கின்றது.

பெற்றோர்களே! சாத்தப்பட்ட அக்கதவை இலேசாக எண்ணாதீர்கள். உண்ணாமல், உறங்காமல், யாருடனும் பேசாமல், இனி நான் இருந்து என்ன பயன் என்ற தொனியில் ஒரு பிள்ளை வார்த்தை விடுமாயின் அது நாடகமல்ல. அன்றிரவு அதனைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். அவ்வாறு செய்வது ஈமானில் குறைவன்று. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம்.

உயர்தரத்தில் விழுந்த இளைஞனே, யுவதியே! பேரீச்ச மரத்தின் விடையை அறிந்திருந்த அதே இப்னு உமர் (ரழி) அவர்களின் மற்றொரு சம்பவத்தைக் கேள். உஹதுப் போருக்கு முன் பதினான்கு வயதில் அவர் நபி (ஸல்) அவர்கள் முன் நிறுத்தப்பட்டார். அனுமதி கிடைக்கவில்லை. திரும்பிச் சென்றார். பின்னர் அகழ்ப் போரின்போது, பதினைந்து வயதில் மீண்டும் வந்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டார். அந்த முதல் மறுப்பை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் அறிவித்திருக்கின்றார். இன்று ஹதீஸ் அறிவித்தவர்களுள் முன்னணியில் நிற்கும் ஸஹாபி அவர்.

உஹது நாளின் இன்னுமொரு செய்தி வரலாற்று நூல்களில் வருகின்றது. வயது போதாதென ராஃபிஉ இப்னு கதீஜ், ஸமுரா இப்னு ஜுன்துப் ஆகிய இருவரும் முதலில் விலக்கப்பட்டனர். ராஃபிஉ அம்பெய்வதில் வல்லவர் என்று எடுத்துக் கூறப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. உடனே ஸமுராவின் சார்பில், மல்யுத்தத்தில் அவர் ராஃபிஉவை வீழ்த்தக்கூடியவராயிற்றே என்று சொல்லப்பட்டது. இருவரும் மோதினர், ஸமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. ஒருவரை அம்பினாலும் மற்றவரை மல்யுத்தத்தினாலும் அளந்த அந்த அளவுகோலை நாம் மறந்துவிட்டோம். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு படிகளை மட்டுமே தராசில் வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம். முதல் தடவையில் தவறியோர் பலர் இரண்டாம் தடவையில் பீடம் புகுந்திருக்கின்றனர். அது வேண்டாம் என்றால் தாளங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. தொழில்நுட்பக் கல்லூரிகள், தாதியர் பயிற்சி, திறந்த பல்கலைக்கழகம் ஆகியனவும் உண்டு. நீர்க்குழாய் வேலையோ மின்னிணைப்போ முறையாகக் கற்று என்.வி.கியூ. சான்றிதழுடன் வளைகுடா செல்பவருக்கும், ஒன்றும் கற்காமல் செல்பவருக்கும் சம்பளத்திலும் மரியாதையிலும் உள்ள வேறுபாட்டை அங்கிருப்போரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று அரச பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோரில் பெண்களே அதிகம். நமது ஊர்களிலும் பதாகையில் அவர்களின் பெயர்கள் குறைவில்லை. படம் போடாமல் ஒரு ரோஜாப் பூவை அச்சிடுகின்றோம். அது நமது பேணுதல். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பதாகையில் பூவை வைத்துவிட்டு, பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுமதி வந்ததும் தூரம் என்று சொல்லிப் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பதில் ஆட்சேபணை உண்டு. அனுப்ப எண்ணமில்லாத பெற்றோர் அவளது பெயரை வீதியில் கட்டிப் பெருமை தேடுவது எந்த வகை நீதி? வந்தாறுமூலையும் ஒலுவிலும் அண்மையில் இருக்கின்றன. தூரத்தில் கிடைத்தாலும் விடுதி, துணை, போக்குவரத்து ஆகியவற்றை ஊரார் கூடி ஒழுங்கு செய்ய முடியாதா?

அப்படியானால் எவ்வாறு கொண்டாடுவது? நள்ளிரவுப் பட்டாசும் வீதியை மறிக்கும் பவனியும் வேண்டாம் என்பதற்கு அதிகம் பேசத் தேவையில்லை. நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள தெருக்கள் நம்முடையவை.

பதாகையை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்று போதும். ஒரே பிள்ளைக்குப் பாடசாலை ஒன்று, கழகம் ஒன்று, தனியார் வகுப்பு ஒன்று, அரசியல்வாதி ஒருவர் தமது படத்தைப் பெரிதாகவும் பிள்ளையின் படத்தைச் சிறிதாகவும் இட்டு ஒன்று எனக் கட்டுவதுதான் வீண்விரயம். பதாகை ஒரு மழைக்குத் தாங்காது. அப்பணத்தை ஒன்று சேர்த்தால் இரண்டாம் தடவை தோற்றும் ஓர் ஏழைப் பிள்ளையின் வகுப்புக் கட்டணம் செலுத்தப்படும். வாப்பா இல்லாத ஒரு பிள்ளை பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லும் முதல் மாதச் செலவு நிறைவேறும். அரசின் மஹாபொல உதவி கைக்கு வரும் வரை அந்த முதல் மாதங்களே பிள்ளைகளை வாட்டுபவை. அஸீஸ் 1945 இல் நாட்டளவில் செய்ததை ஒரு மஹல்லா தன்னளவில் செய்யலாம். தேவையுள்ள மாணவருக்கு ஸகாத்தைக் கொண்டு உதவுவது பற்றி உங்கள் பள்ளிவாசல் உலமாக்களிடம் விளக்கம் கேளுங்கள்.

ஆசிரியரையும் நினைவில் வையுங்கள். தம் மகன் ஹம்மாத் சூரத்துல் பாத்திஹாவை ஓதக் கற்றுக்கொண்டபோது, கற்பித்தவருக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பெருந்தொகையான திர்ஹங்களை அனுப்பினார்கள் என்று எழுதப்பட்டுள்ளது. ஏழே வசனங்களுக்கு! நமது பரிசளிப்பு மேடையில் பொன்னாடை யாருக்குப் போகின்றது என்று எண்ணிப் பாருங்கள். பிரதம அதிதிக்கும் விசேட அதிதிக்கும் போகின்றது. முதலாம் வகுப்பில் அ எழுதக் கைபிடித்த ஆசிரியை பார்வையாளர் வரிசையில்கூட இல்லை. பெறுபேறு வந்த பிள்ளை முதல் வேலையாக இனிப்புப் பெட்டியுடன் அந்த ஆசிரியையின் வீட்டுக்கும், அலிஃப் கற்றுத்தந்த முஅல்லிமின் வீட்டுக்கும் நடந்து செல்லட்டும். அடுத்து, தன்னோடு ஒரே வாங்கில் இருந்து இம்முறை தவறிய தோழனின் வீட்டுக்குச் செல்லட்டும். இனிப்புப் பெட்டி அங்கே வேண்டியதில்லை; தான் எழுதிவைத்த பாடக் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் கொண்டு செல்லட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு முக்கிய நினைவூட்டல். பெறுபேற்றில் ஐயம் இருந்தால் விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. அழுது முடிப்பதற்குள் திகதி கடந்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலைப் பிள்ளையோடு அமர்ந்து முழுவதும் வாசியுங்கள். கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பும் பகுதியில், ஊரார் மெச்சும் பெயரையல்ல, பிள்ளை உண்மையில் விரும்புவதை மேலே இடுங்கள். இசட் புள்ளி குறைவு என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவோர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். ஒப்பீட்டளவில் குறைந்த புள்ளிக்கும் அனுமதி வழங்கும் கற்கைநெறிகள் அக்கைந்நூலிலேயே இருக்கின்றன. இணையத்தில் நிரப்பத் தெரியாதவர்களுக்காக, பெறுபேறு வெளிவந்ததிலிருந்து விண்ணப்ப முடிவுத் திகதி வரை அஸருக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு கணினியுடன் இருவரை அமர்த்துமாறு உங்கள் நிர்வாகத்தினரிடம் இந்த வெள்ளிக்கிழமையே கேளுங்கள். சென்ற ஆண்டு பீடம் புகுந்த பிள்ளைகள் அதற்கு மறுக்கமாட்டார்கள்.